எட்டு போடப் பயமா?
(சங்கரன்கோவிலில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



விடிகாலையில் நம்ம ஊர் பூ மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் பூ மூட்டையோடு எத்தனை பெண்கள் வர்றாங்க! "லைசென்ஸ் எடுத்தாச்சா மதினி?" என்று கேட்டால் சிரிப்புதான் பதில். நானும் நாலு வருஷம் அப்படிச் சிரிச்சவதான்.

2018-ல் அரசு மானிய ஸ்கூட்டர் கொடுத்தபோது, லைசென்ஸ் கேட்டதால் எல்.எல்.ஆர். போடப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மானியம் இல்லையென்றால் லைசென்ஸும் வேண்டாமா?

பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம். அதுகூடப் பெரிசில்லை. வண்டி இன்சூரன்சில் உரிமையாளருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு உண்டு. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி நம்ம உயிர் போனால் அந்தப் பணம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. எதிரே வந்தவருக்கு அடிபட்டாலோ, கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டை நம்மகிட்டயே திருப்பிக் கேட்கலாம். குழுக் கடனில் வாங்கின வண்டி என்றால் தவணையும் நிற்கும்.

எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து, ஆறு மாதத்துக்குள் டெஸ்டுக்குப் போகணும். 40 வயது தாண்டினவங்களுக்கு டாக்டர் சான்று வேணும். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்தால் வீட்டுக்காரர் பைக்கைத் தொட முடியாது. கியர் வண்டிக்கு எடுத்தால் இரண்டையும் ஓட்டலாம்.

முதல் டெஸ்டில் நான் எட்டு போடும்போது காலை ஊன்றிட்டேன், ஃபெயில். அப்புறம் எங்க தெருவில் கோலமாவில் எட்டு வரைஞ்சு பத்து நாள் சுத்தினேன். பார்த்துச் சிரிச்ச மாமியார்தான் இப்ப என் பின்னாடி உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க.

எல்.எல்.ஆர். எடுத்தவங்க ஞாயித்துக்கிழமை காலையில் வாங்க. கோலமாவு நான் கொண்டு வர்றேன். முந்தானையை மட்டும் நல்லா இழுத்துச் செருகிட்டு வாங்க.