தோட்டக் குழாயும் அதன் முறுக்கும்

தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாய் சிக்கிக்கொண்டால் அதனையே நாம் குறை கூறுகிறோம். உண்மையில் அச்சிக்கலுக்குக் காரணம் நாம் சுருட்டும் முறையே ஆகும்.

குழாயைத் தரையில் கிடத்தி ஒரே திசையில் வளையமாகச் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் அதில் ஒரு முழு முறுக்கு ஏறுகிறது. 20 சுற்றுக்கு 20 முறுக்கு. மறுநாள் முனையைப் பற்றி இழுத்தால் அம்முறுக்குகள் ஆங்காங்கே மடிப்புகளாகின்றன. மடிந்த இடத்தில் நீர் தடைப்படும். நாளடைவில் அங்கேயே வெடிப்பும் காணும். டில்லியில் பல பகுதிகளுக்குக் கோடையில் நீர் சிறிது நேரமே வருகிறது. அந்நேரம் சிக்கெடுப்பதில் கழியுமாயின், வாடுவது செடியே அன்றோ?

இதற்குப் பரிகாரம் எளிது. திருகை மூடிக் குழாயை நீள விரித்து, உள்ளிருக்கும் நீரை வடித்துவிடுங்கள். பின்னர் 8 என்னும் எண்ணின் வடிவில், ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் இட்டு வாருங்கள். ஒரு பாதி வலமாகவும் மறுபாதி இடமாகவும் சுழல்வதால், முன்னதில் ஏறிய முறுக்கைப் பின்னது தீர்த்துவிடுகிறது. முடிந்ததும் இரு வளையங்களையும் ஒன்றாக மடித்துத் தூக்கலாம்.

அதனை ஆணியில் மாட்டலாகாது, குழாய் நசுங்கும். அகன்ற மரக்கட்டையில், நிழலில் மாட்டுங்கள். வெயில் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் ஒருங்கே கெடுக்கும். மீண்டும் எடுக்கையில், 8 வடிவிலேயே தரையில் விரித்து, இறுதியாக இட்ட முனையிலிருந்து இழுங்கள். குழாய் தடையின்றி நீளும்; நீரும் தாமதமின்றிச் செடியைச் சேரும்.