வேலையல்ல, பயிற்சி
(வெள்ளி விழா இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன அனுபவத்தைச் சொல்லுமாறு எங்கள் மூவரையும் பணித்துள்ளீர்கள். பேசுவது ஒருவர், சொல்வது மூவருக்கும் சொந்தம். முதலில் ஒரு பிழையைத் திருத்திக்கொள்ள அனுமதி வேண்டுகிறோம்.

2022 ஆகஸ்டில், ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்புகள் வாசித்தபோது, நம் பங்கின் மூன்று பொறியாளர்களுக்குச் சென்னையில் வேலை கிடைத்துள்ளது என்று சொல்லப்பட்டது. நீங்கள் கை தட்டினீர்கள். நாங்களும் எழுந்து நின்று கும்பிட்டோம். கிடைத்தது வேலையல்ல, ஓராண்டுப் பயிற்சி. அது எங்களுக்கு அப்போதே தெரியும். கைதட்டல் இனித்தது, வாய் திறக்கவில்லை.

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டுப் பொறியியல் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொண்டது. அச்சட்டப்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்கவேண்டுமென்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. நாங்கள் போனபோது, 2019-இல் திருத்திய விதிகளின்படி, பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை. கையெழுத்திடுமுன் இதையெல்லாம் வாசித்தோம். வீட்டில் வாசித்துக் காட்டவில்லை.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினோம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மூவருக்கும் ஒரே அறை. வாடகையில் பங்கு, மெஸ் பணம், செல்போன் செலவு போக மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. முதல் மாதப் பணம் கைக்கு வர ஐந்து வாரத்துக்கு மேலாயிற்று. அதுவரை ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கும் கருவாடும் காப்பாற்றின.

தொழிற்சாலையில் எங்களை அளவு பார்க்கும் பகுதியில் விட்டார்கள். மைக்ரோமீட்டர் என்னும் கருவி முதலாண்டு ஆய்வுக்கூடத்திலேயே எங்கள் கையில் இருந்ததுதான். ஆனால் ரெக்கார்டு நோட்டை முந்தின ஆண்டு அண்ணன்மாரிடம் வாங்கிப் பார்த்து எழுதியவர்கள் நாங்கள். அதன் திருகு ஒரு சுற்றுச் சுற்றினால் அரை மில்லிமீட்டர் நகரும். அந்த அரைக் கோடு தெரிகிறதா என்று கவனிக்காவிட்டால் அளவு முழுதாக அரை மில்லிமீட்டர் தவறிவிடும். ஒரு பெட்டி நிறைய நல்ல உருளைகளை, அளவு குறைவென்று சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கிவைத்தோம்.

அங்கே ஐ.டி.ஐ. படித்த மூத்த தொழிலாளி ஒருவர், ஒன்றை எடுத்து அளந்தார். இன்னொன்றையும் அளந்தார். எங்களைத் திட்டவில்லை. “தம்பி, தெரியலேன்னா என்னைக் கூப்பிடுங்க. நான் இங்கதான் நிக்கிறேன்” என்றார். சிவப்புச் சீட்டுகளை நாங்களே உரித்தெடுத்தோம். கல்லூரியில் கேள்வி கேட்பவருக்கு விடை தெரியும். நாம் சும்மா இருந்தால் மதிப்பெண் போகும், அவ்வளவுதான். இங்கே நாம் சும்மா இருந்தால் நல்ல பொருள் குப்பைக்குப் போகிறது, கெட்ட பொருள் வண்டியில் ஏறிவிடுகிறது. அன்றிலிருந்து நாளுக்குப் பத்துமுறை அவரைக் கூப்பிட்டோம். ‘அண்ணே’ என்று கூப்பிடக் கூச்சமாக இருந்தது முதல் வாரம் மட்டுமே.

ஆனால் வீட்டோடு பேசும்போது மட்டும் பழைய சங்கதியே. “சம்பளம் வந்துட்டா?” என்றால் “வந்துட்டும்மா” என்போம். அதை நம்பி எங்களில் ஒருவரின் தாயார், தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கழுத்துச் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தார். மகன் சம்பளத்தில் மீட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. இன்னொருவர் வீட்டில் பெண் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள்!

ஓராண்டு முடிந்தது. மூவரில் ஒருவரை வைத்துக்கொண்டார்கள். சங்கிலிக்காரர் மகன் அந்த ஒருவரல்லர். அவர் ஊருக்கு வந்து, அடுக்களையில் நின்று, அம்மாவிடம் உள்ளதைச் சொன்னார். அந்த அம்மா கேட்டது ஒன்றே: “மொதல்லயே சொல்லிருந்தா நான் வேற வழி பாத்திருப்பேனே, ஏன்யா சொல்லல?” அதற்கு எங்கள் மூவரிடமும் இன்றுவரை பதில் இல்லை. சங்கிலி பதினான்கு மாதம் கழித்து மீண்டது. அந்தத் தாயார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்கிறோம்.

பயிற்சி வீண் என்று யாரும் எண்ணவேண்டாம். முடிவில் தரும் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அனுபவமாகப் பதிந்துகொள்ளலாம். மற்ற இருவரும் இப்போது வேறிடங்களில் வேலையில்தான் இருக்கிறோம். நேர்முகத்தில் முதலில் கையில் கொடுத்தது மைக்ரோமீட்டரைத்தான்.

இவ்வாண்டு பயிற்சிக்குப் போகிற தம்பி தங்கையர் கூட்டம் முடிந்ததும் ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவுக்கு வாருங்கள். வரிவரியாக வாசித்துச் சொல்கிறோம். ஒரு மைக்ரோமீட்டரும் கொண்டுவந்திருக்கிறோம். கம்பெனியிலிருந்து எடுத்து வந்ததல்ல. பாரிமுனையில் காசு கொடுத்து வாங்கியது.