கண்டிக் கச்சேரியில் ஓர் எழுத்தாளர்

(குண்டசாலையில் நடைபெற்ற நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நாங்கள் படித்த காலத்தில் குண்டசாலை என்றதும் நரேந்திரசிங்க மன்னனின் அரண்மனையைப் பற்றித்தான் ரீச்சர் சொல்லுவார். நான் இன்று, பக்கத்துக் கண்டியில் ஓராண்டு மட்டும் உத்தியோகம் பார்த்த ஒரு வெள்ளைக்காரரைப் பற்றிப் பேசப்போகிறேன்.

லெனாட் வூல்ஃப் 1904 டிசம்பரில், 24 வயதில், கொழும்பில் வந்திறங்கினார். பெட்டிகளில் வோல்டேரின் 90 தொகுதிகள். கூடவே ஒரு நாய். யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்தபடியே தமிழ் கற்றார். 1907 இல் கண்டிக் கச்சேரிக்கு மாற்றம். போகம்பறைச் சிறையில் தூக்குத் தண்டனை நிறைவேறும்போது உடனிருப்பதும் அவர் கடமைகளில் ஒன்று. அந்தக் காட்சிகள் அவரை விட்டுப் போகவே இல்லை.

1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். காட்டோரக் கிராமங்களுக்கெல்லாம் சுற்றுப் பயணம் போனார். கண்டதையும் கேட்டதையும் உத்தியோக நாட்குறிப்பில் எழுதினார். இங்கிலாந்து திரும்பியபின் பதவியைத் துறந்தார். 1913 இல், காட்டுக்குள் இருக்கும் ஒரு கிராமத்தைப் பற்றிய நாவலை வெளியிட்டார். சேனைப் பயிரும் கடனும் வழக்கும் ஒரு குடும்பத்தை எப்படித் தின்றுவிடுகின்றன என்பதை, அதிகாரியின் நாற்காலியிலிருந்து அல்ல, குடிசை வாசலிலிருந்து அவர் சொன்னார். 1980 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதை 'பெத்தேகம' என்று படமாக்கினார். 1960களில் நூலாக வந்த அந்த நாட்குறிப்புகளை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

பயணம் எழுத்தோடு நிற்கவில்லை. பிரித்தானியத் தொழிற்கட்சியின் ஆலோசனைக் குழுவில் இருந்தபோது, 1938 இல், இலங்கையின் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வேண்டும், சுவிற்சர்லாந்தைப் போன்ற சமஷ்டி முறையை ஆராய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். சோல்பரி யாப்பில் சமஷ்டிக்கு இடமிருக்கவில்லை. பின்னர் நடந்தவற்றை இந்த மண்டபத்தில் நான் சொல்லத் தேவையில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 1911 குடிசன மதிப்பீட்டை அம்பாந்தோட்டையில் நடத்தியவர் வூல்ஃப். 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று எங்களை முதன்முதலில் இரண்டாகப் பிரித்து எண்ணியதும் அதே மதிப்பீடுதான்.

எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1981 இல், இளம் ஆசிரியையாக நானும் கணக்கெடுக்கப் போனேன். தும்பறைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் ஓர் அம்மா சாயத் தண்ணி தந்தார். அவரைக் கேட்காமலே இனத்துக்குரிய இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதிவிட்டு வாசித்துக் காட்டினேன். "நான் பொறந்தது இங்கதான் டீச்சர், எங்கம்மா பொறந்ததும் இங்கதான். இந்தியாவ நான் பார்த்ததே இல்லையே" என்றார். "படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது அம்மா" என்று சொல்லி அடுத்த கதவைத் தட்டினேன். அவர் சொன்னதை எந்தக் கொப்பியிலும் நான் எழுதவில்லை. பெயரும் மறந்துவிட்டது. அந்தக் குரல் மட்டும் மறக்கவில்லை.

வூல்ஃபும் படிவம் நிரப்பிய அதிகாரிதான். ஆனால் கேட்டதை எழுதியும் வைத்தார். அதனால்தான் அவரைப் பற்றி இன்று பேச முடிகிறது.

சகோதரிகளே, டொரொன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் உங்களிடம் ஒரே வேண்டுகோள். உங்கள் அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், யார் முதலில் பள்ளிக்கூடம் போனது என்று எழுதி எங்கள் சங்கத்துக்கு அனுப்புங்கள். கேட்கக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.