காயலான் கடையில் ஒரு ஹெரால்டு

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். யானைக்குப் பொருந்துகிற இந்தப் பழமொழி மோட்டார் வண்டிக்கும் பொருந்துமா? பொருந்தும் என்றே நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அது அவ்வளவு எளிதில் பொருந்துவதில்லை என்பதைச் சூளகிரிக்கு அப்பால் உள்ள ஒரு காயலான் கடை எனக்குக் கற்றுக் கொடுத்தது. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நான் குடியிருப்பது ஓசூரில். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கிருஷ்ணகிரி; மறு பக்கம் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடக ராஜ்யம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தேநீர்க் கடையில் பேசப்படும் பிரதேசம் இது. பழைய இரும்பு வாங்கி விற்கும் இடத்துக்கு இந்தப் பக்கத்தில் காயலான் கடை என்று பெயர். எல்லைக்கு அந்தப் பக்கத்தில் குஜரி என்பார்கள். பெயர்தான் இரண்டு, உள்ளே கிடக்கும் சரக்கு ஒன்றே. லாரிகளின் எலும்புக் கூடுகள், தொழிற்சாலைகள் கழித்த வெட்டுத் துண்டுகள், சென்ற முப்பது ஆண்டுகளில் ஓடி ஓய்ந்த சிறு கார்கள். அந்தக் குவியலுக்கு நடுவே பிரிட்டிஷ் வமிசத்தைச் சேர்ந்த பழைய வண்டி ஒன்று கண்ணில் படுவது மிக அருமை.

அந்த வமிசம் நம் நாட்டில் வேரூன்றிய கதை சுவையானது. 1948-ஆம் ஆண்டில் சென்னையில் இரண்டு மோட்டார்க் கம்பெனிகள் தோன்றின. ஒன்று அசோக் மோட்டார்ஸ். எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கிய அந்த நிறுவனமே பின்னர் அசோக் லேலண்டு ஆகி, 1980-இல் எங்கள் ஓசூருக்கும் வந்து சேர்ந்தது. மற்றொன்று, இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டுறவோடு எழுந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ். வடக்கே உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை அம்பாஸடர் என்ற பெயரில் செய்தது. ஆக்ஸ்போர்டின் அந்த வடிவம் பிறந்த நாட்டில் 1959-இலேயே நின்றுபோயிற்று. இங்கேயோ 2014 வரை உயிரோடு இருந்தது. பெற்ற தாய் மறந்துவிட்ட பிள்ளையை வளர்த்த தாய் ஐம்பத்தைந்து ஆண்டுகள் காப்பாற்றினாள் என்று சொல்லலாம்.

சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-இல் வெளியிட்டது ஹெரால்டு என்னும் வண்டி. அதன் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. கவென்ட்ரி கம்பெனிக்கு அதுவரை உடற்கூடு செய்து கொடுத்து வந்த தொழிற்சாலையை 1953-இல் போட்டிக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாக அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே எஞ்சினீயர்கள் பழைய முறைக்குத் திரும்பினார்கள். கீழே தனியாக இரும்புச் சட்டம். அதன்மேல் துண்டு துண்டாகச் செய்த உடலைப் போல்ட் போட்டு முடுக்குவது. உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். பானெட்டும் மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து, முதலை வாயைத் திறப்பதுபோல் முன்பக்கம் சாய்ந்து திறக்கும். இப்படித் தட்டுப்பாட்டினால் பிறந்த அந்த ஏற்பாடு பின்னால் எனக்கு எவ்வளவு உதவியது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

என் தந்தையார் 1969-இல் ஒரு ஹெரால்டு வாங்கினார். அவருக்குப் பின் அது எனக்கு வந்தது. அந்த வண்டியின் முன் சக்கரம் ஒவ்வொன்றும் ஓர் எஃகுத் தண்டைப் பற்றி நிற்கிறது. 'வெர்டிகல் லிங்க்' என்று அதற்குப் பெயர். தண்டின் அடிப்பகுதியில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு பித்தளைக் கட்டிக்குள் இறங்கியிருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தக் கட்டிக்குள் சிறிது திரும்பும். அதற்குக் கெட்டியான கியர் ஆயில் ஊற்ற வேண்டும். கிரீஸ் வைக்கக் கூடாது. கிரீஸ் உள்ளே வரை போய்ச் சேராது. தண்ணீர் புகும், துரு ஏறும், ஒருநாள் தண்டு மரையடியில் முறியும். என் தந்தையார் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் சோம்பல்பட்டுக் கிரீஸ் துப்பாக்கியால் அடித்து வந்தேன்.

2012-ஆம் ஆண்டு, பாகலூர் சாலையில், பேத்தியைப் பின் ஆசனத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு திருப்பத்தில் மெதுவாகத் திரும்பினேன். 'மடார்' என்று ஒரு சத்தம். வலப்பக்க முன் சக்கரம் உள்ளே மடிந்து, வண்டி முழங்காலிட்டது. குழந்தை சிரித்தாள், ஏதோ விளையாட்டு என்று எண்ணி. எனக்கு மட்டும் கை நடுக்கம் நிற்கவில்லை. அரை மணி நேரம் முன்னால் இதே குழந்தையோடு நெடுஞ்சாலையில் அறுபது கிலோ மீட்டர் வேகத்தில் வந்திருந்தேன். வண்டியின்மேல் குற்றம் இல்லை. குற்றம் முழுவதும் என்னுடையது.

அதன் பிறகு தொடங்கியது தேடல். முறிந்த தண்டை ஒட்டவைத்து ஓட்டுவது தற்கொலைக்குச் சமானம். வேறு தண்டுதான் வேண்டும். பெங்களூரில் சிவாஜி நகரத்துக் குஜரிக்குப் போனேன், ஜே.ஸி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டைச் சந்துகளில் இரண்டு நாள் அலைந்தேன். பழைய வண்டிக்குப் பாகம் தேடுகிறவனுக்குப் பணத்தைக் காட்டிலும் உறவுமுறை தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பாகம் எந்த வண்டிக்குப் பங்காளி, எது பெயரில் மட்டும் உறவு என்று அறிய வேண்டும். ஹெரால்டுக்குத் தம்பியாக 1972-இல் வந்த கெஸல் வண்டியில் பின் அச்சையே மாற்றிவிட்டார்கள். தம்பி என்று நம்பி அதன் பின்புறத்தை அவிழ்த்தால் ஏமாற்றந்தான். மரையிலும் இதே தொல்லை. ஹெரால்டின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. இன்று ஓசூர்க் கடைகளில் கிடைப்பது மில்லி மீட்டர்க் கணக்கு. அது ஏறுவதுபோல் இரண்டு சுற்று ஏறும். பிறகு இறுகிக்கொண்டு மரையைத் தின்றுவிடும்.

சிவாஜி நகரத்தில் ஒரு தண்டு கிடைத்தது. மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து பித்தளைக் கட்டியில் முடுக்கிப் பார்த்தேன், ஏறவில்லை. சங்கில் வலம்புரி, இடம்புரி என்று இருப்பதுபோல் இந்தத் தண்டிலும் உண்டு. ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மரை ஒரு திசையில் சுற்றும். மறு பக்கத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும். நான் வாங்கி வந்தது இடப்பக்கத்துத் தண்டு.

கடைசியில், நான் முதலில் சொன்ன சூளகிரிக் கடையில், வேப்ப மரத்தடியில் ஒரு முழு ஹெரால்டைக் கண்டேன். வர்ணம் வெளுத்திருந்தது, ஆசனங்கள் எலிக்கு இரையாகியிருந்தன. ஆனால் நான்கு சக்கரங்களிலும் நேராக நின்றது. ஆர்.ஸி. புத்தகங்கூட இருந்தது.

கடைக்காரர் வயதானவர். "பார்ட்ஸ் வேணுமா சார், வண்டி வேணுமா?" என்று கேட்டார்.

"வலப்பக்கத்துத் தண்டு மட்டும் போதும், பாய்" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தாராளமா கழட்டிக்குங்க. ஆனா ஒண்ணு. நாலு சக்கரத்துல உருள்ற வரைக்கும் இது வண்டி. யாராச்சும் முழுசாக் கேட்டு வருவாங்கன்னு நிறுத்தி வெச்சிருக்கேன். ஒரு சக்கரம் சாஞ்சுதுன்னா இது வெறும் இரும்பு, கிலோ கணக்குதான்."

அந்தச் சொல் என் காதில் விழுந்தது, மனத்தில் இறங்கவில்லை. ஒரு வாரம் பொறுத்து நாலு பேரிடம் விசாரித்திருக்கலாம். நான் பொறுக்கவில்லை. அன்று மாலையே தண்டைக் கழற்றிக்கொண்டு திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது அந்த வண்டி, பாகலூர் சாலையில் என் வண்டி இருந்ததுபோலவே, ஒரு பக்கம் முழங்காலிட்டு இருந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே போய், "மீதியை இரும்பாக அனுப்பவேண்டாம், பாய். நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். கிலோ கணக்கில்தான் விலை பேசினார், அதிலும் குறைத்துக்கொண்டார். அப்போதுதான் கவென்ட்ரி எஞ்சினீயர்களின் பழைய தட்டுப்பாடு எனக்குத் துணை நின்றது. வேறு வண்டியாக இருந்தால் காஸ் வைத்து வெட்ட வேண்டும். ஹெரால்டுக்கு ஸ்பேனர் போதும். மூன்று நாளில் பானெட், கதவுகள், கண்ணாடிகள், கியர் பெட்டி, பின் ஸ்பிரிங் எல்லாம் தனித்தனியாக வந்துவிட்டன. போல்ட்டுகளைக்கூட விடாமல் பிஸ்கட் டின்களில் போட்டுச் சீட்டு ஒட்டினேன். வண்டி உடைக்கப்பட்டது என்று உடையவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துப் பதிவும் ரத்தாயிற்று.

அந்தப் பாகங்கள் இன்று பல ஊர்களில் ஓடுகின்றன. பானெட் கோயம்புத்தூருக்குப் போயிற்று. முன் கண்ணாடி சேலத்துக்கு. கியர் பெட்டி பெங்களூருக்கு. சிவாஜி நகரத்து இடம்புரித் தண்டும் ஒருவருக்கு உதவியது. வாங்கிய விலைக்குமேல் ஒரு காசு நான் பெறவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து மைசூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். "புத்தகத்தோடு முழு ஹெரால்டு எங்காவது இருந்தால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? ஒரு கதவை அனுப்பி வைத்தேன்.

2021-இல் மத்திய சர்க்கார் ஒரு விதி செய்தது. ஐம்பது ஆண்டு கடந்து, சட்டமும் உடலும் எஞ்சினும் பெரிதும் மாறாமல் மூல வடிவில் இருக்கும் வண்டிகளுக்குத் தனி வரிசையில் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு பதிவு எண் கொடுக்கிறார்கள். இன்று ஹெரால்டு வண்டிகள் எல்லாமே அந்த வயதைக் கடந்தவை. அந்த வேப்ப மரத்தடி வண்டியும் இருந்திருந்தால் அதற்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கும்.

இப்போது நான் காயலான் கடைக்குள் நுழைந்தால் முதலில் பாகத்தைப் பார்ப்பதில்லை. வண்டி உருளுமா என்று பார்க்கிறேன். உருளுமானால் கையைக் கட்டிக்கொண்டு, முழுதாக வாங்க ஆள் உண்டா என்று முதலில் விசாரிக்கிறேன். உருளாதென்றால், ஒன்றைக் கழற்றுகிறவன் மற்றதற்கும் வழி சொல்லிவிட்டே வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இறந்த யானை ஆயிரம் பொன் பெறுவது உண்மைதான். அதன் தந்தம் எது, எலும்பு எது என்று அறிந்தவன் புதைப்பதற்குமுன் வந்து சேர்ந்தால். ஆனால் உயிரோடு நிற்கும் யானையை ஒரு தந்தத்துக்காகச் சாய்ப்பவன், எவ்வளவு பொன் கொடுத்தாலும் அந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது.

என் தந்தையாரின் ஹெரால்டு இன்றும் ஓடுகிறது. மாதம் ஒருமுறை, கீழே படுத்து, அந்தத் தண்டுக்கு நானே எண்ணெய் ஊற்றுகிறேன். கிரீஸ் அல்ல, எண்ணெய்.