கேட்பதும் எடுத்துச் சொல்வதும்: நாடு விட்டு நாடு செல்லும் ஆலோசகர் தொழில்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு உயர்தர மாணவிகளுக்காக நடத்தப்பட்ட தொழில் வழிகாட்டல் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெளிநாட்டுத் தொழில் நிறுவனங்களுக்கு ஆலோசகர்களாகப் பணிபுரியும் இக்கல்லூரியின் பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து தயாரித்த உரை இது. ஆகவே 'நான்' என்று சொல்லாமல் 'நாம்' என்றே பேசுகின்றோம்.

சொந்தக்காரர் வீட்டுக் கலியாணங்களில் எம்மிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. "பிள்ளை, மாசாமாசம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போறியள். அங்கை போய் என்னதான் செய்யிறியள்?" வைத்தியர், ஆசிரியர் என்றால் விளக்கம் தேவையில்லை. ஆலோசகர் என்றால் ஊருக்கு உபதேசம் செய்பவர் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் உபதேசம் எமது வேலையில் சிறு பங்குதான். பெரும் பங்கு கேட்பது.

எமது வேலை எப்படி நடக்கிறது என்பதை உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலைக் கொண்டு விளக்குகிறோம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகளைப் பார்த்திருப்பீர்கள். இத்துறையில் இலங்கையர் பெற்ற அனுபவத்துக்குப் பங்களாதேஷ், ஜோர்தான், எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகளில் மதிப்புண்டு. அங்கே ஒரு தொழிற்சாலை எம்மை அழைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டை ஒன்று பல கைகள் மாறித்தான் தைக்கப்படுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் 40 செக்கன் என்றால் அந்த வரிசையிலிருந்து மணிக்கு 90 சட்டைகள் வரவேண்டும். கொலர் பொருத்தும் இடத்தில் மட்டும் 60 செக்கன் எடுத்தால், மற்றவர்கள் எவ்வளவு விரைந்து தைத்தாலும் 60 சட்டைகளே வரும். இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

'பெண்கள் மெதுவாகத் தைக்கிறார்கள்' என்று முகாமையாளர் சொல்வார். நாம் நிறுத்தற் கடிகாரத்துடன் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் போய் நிற்போம். வெட்டும் பிரிவிலிருந்து கொலர்த் துண்டுகள் அளவு பிசகி வருவதும், அந்தப் பெண் ஒவ்வொன்றையும் சரிபார்த்தே தைப்பதும் அப்போதுதான் தெரியவரும். அவளுக்கு அது பல மாதங்களாகத் தெரிந்த விடயம். அவளை ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இதே கதையைப் பல நாடுகளில், பல தொழில்களில் கண்டிருக்கிறோம். மேற்பார்வையாளரையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டால் தொழிலாளி வாய் திறக்கமாட்டாள். ஆகவே வெளியிலிருந்து ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரை அழைத்துச் சென்று, சாப்பாட்டு நேரத்தில் அருகே அமர்ந்து பேசுவது எமது வழக்கம்.

உள்ளே இருப்பவர் சொன்னால் எடுபடாத உண்மையை வெளியாள் சொன்னால் கேட்பார்கள். எமது தொழில் நிலைப்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் அந்த உண்மையை யாருக்குச் சொல்லவேண்டுமோ அவரே எமக்குப் பணம் தருபவர். இந்தத் தொழிலின் முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24 ஆந் திகதி ரானா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்து 1,100 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதல் நாளே சுவர்களில் வெடிப்புக் கண்டது. கட்டடம் பாதுகாப்பற்றது என்று பொறியியலாளர் ஒருவர் எச்சரித்தார். கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் இருந்த ஆடைத் தொழிலாளர்களோ மறுநாளும் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். அங்கே உண்மை தெரியாமல் இருக்கவில்லை. அது செல்லவேண்டிய காதுக்குள் செல்லவில்லை. தொழிற்சாலைகளுக்குள் காலடி வைக்கும்போதெல்லாம் இந்தச் சம்பவத்தை நாம் நினைத்துக்கொள்கின்றோம்.

சில வேளைகளில் முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டு எம்மை அழைப்பார்கள். 'இருநூறு பேரைக் குறைக்க வேண்டும் என்று எழுதித் தாருங்கள்' என்பார்கள். கணக்கு அப்படிக் காட்டினால் எழுதத்தான் வேண்டும்; அவர்களுக்குச் சட்டப்படி சேரவேண்டிய நட்டஈட்டையும் அதே அறிக்கையில் எழுதுவோம். கணக்கு அப்படிக் காட்டாவிட்டால் எழுதமாட்டோம். அதனால் ஒப்பந்தங்கள் கைநழுவியதும் உண்டு. தங்கைமாரே, இதற்குத் துணிச்சல் மட்டும் போதாது, சேமிப்பும் வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் வருமானம் நின்றுவிடும் தொழில் இது. ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைத்திருப்பவளால்தான் தவறான அறிக்கையில் கையொப்பமிட மறுக்க முடியும்.

பயணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறையாகவும் ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாகவும் உள்ள நாடுகள் உண்டு. எத்தியோப்பியாவில் பகற்பொழுதை எமது காலை 6 மணியிலிருந்து எண்ணுவார்கள். 'இரண்டு மணிக்கு வாருங்கள்' என்றால் அது எமது காலை 8 மணி. அவர்களுடைய ஆண்டுக்கு 13 மாதங்கள். கூட்டத்துக்கு நாள் குறிக்குமுன் எந்த நாட்காட்டி, எந்த மணிக்கூடு என்று கேட்டுக்கொள்ளவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுடன் செல்பவர்கள் விசாவுக்காக அழைப்புக் கடிதம், வங்கிக் கூற்று என்று ஒரு கோவையையே சுமந்து செல்லவேண்டும். கூட்டத்தில் கலந்துகொள்ள வர்த்தக விசா போதும். அங்கேயே தங்கி வேலை செய்வதானால் பெரும்பாலும் வேலை அனுமதி தேவை. ஒரு நாட்டில் 183 நாட்களுக்கு மேல் தங்கினால் பல இடங்களில் வருமானவரியும் அந்நாட்டுக்கு உரியதாகிவிடும்.

விமானமும் ஹோட்டலும் வெளியே தெரிபவை. அம்மாவின் கண் சத்திரசிகிச்சையன்று அருகில் இல்லாதது, அப்பாவின் திவசத்தைத் தொலைபேசியில் பார்ப்பது, பிள்ளையின் முதற் பரிசைப் படத்தில் காண்பது ஆகியவை வெளியே தெரியாதவை. வீட்டில் ஒருவர் தோள் கொடுத்தால்தான் இந்தத் தொழில் நடக்கும். பெண்ணாக இருந்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும்.

எப்படித் தயாராவது? முகாமைத்துவ ஆலோசனைக்குப் பெயர்பெற்ற மக்கின்சி நிறுவனத்தை 1926 இல் சிக்காகோவில் தொடங்கியவர் ஒரு கணக்கியல் பேராசிரியர். எனவே வர்த்தகப் பிரிவு மாணவிகள் கணக்கீட்டை வெறும் பரீட்சைப் பாடமாக நினைக்கவேண்டாம். ஆங்கிலத்தோடு சிங்களத்தையும், முடிந்தால் இன்னொரு மொழியையும் கற்றுக்கொள்ளுங்கள். பட்டம் பெற்றவுடனே ஆலோசகராகிவிடாதீர்கள். ஐந்து வருடங்களாவது ஒரு தொழிற்சாலையிலோ வங்கியிலோ வேலை செய்யுங்கள். சம்பள நாளுக்குக் காத்திருக்கும் அனுபவம் இல்லாதவர் மற்றவர் சம்பளத்தைப் பற்றி அறிக்கை எழுதக்கூடாது.

நூறு ஆண்டுகளாக இக்கல்லூரி பெண் பிள்ளைகளை எழுந்து நின்று பேசப் பழக்கியிருக்கிறது. உலகின் எந்த மேசைக்குச் சென்றாலும் அந்தப் பழக்கம் எமக்குக் கைகொடுக்கிறது. நீங்களும் பேசுங்கள், பேசுமுன் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவளைக் கேளுங்கள். எந்தத் தொழிலுக்குப் போனாலும் இது பொருந்தும்.