வயிற்று நோயும் வாய் திறவாமையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஸ்ரீவராகத்திலே நம் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடும் இந்நன்னாளில், விருந்துக்கு முன்னரே வயிற்று நோயைப் பற்றிப் பேச வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

செரியாமை, நெஞ்செரிச்சல், வாயு, மலச்சிக்கல் ஆகியவற்றை அறியாத இல்லம் இல்லை. சுக்கும் ஓமமும் பெருங்காய மோரும் சற்றே ஆறுதல் தரலாம். காலந்தவறாது உண்ணல், கீரையும் காயும் மிகுதியாகச் சேர்த்தல், போதிய நீர் அருந்தல், நாள்தோறும் நடத்தல் ஆகியவற்றால் இத்தொல்லைகளுள் பல தணியும்.

ஆயினும் சில குறிகளைக் கைமருந்தோடு விட்டுவிடலாகாது. மலத்திலே குருதி காணல், மலங்கழியும் வழக்கம் மாறிச் சில வாரங்கள் நீடித்தல், காரணமின்றி உடல் மெலிதல், இரத்தசோகை ஆகியன அவை.

என் தமையனார் குருதி கண்டும், மூலம் என்று தாமே முடிவு செய்து ஓராண்டு லேகியம் உண்டார். மன்னியிடம் சொல்லவும் நாணினார். மருத்துவரிடம் சென்றபோது பெருங்குடற் புற்று ஈரல் வரை பரவியிருந்தது. அவரை நாம் இழந்ததற்கு நோயோடு அந்நாணமும் காரணமே.

இப்புற்றுகளுள் பெரும்பாலானவை, குடலின் உட்சுவரில் தோன்றும் ‘பாலிப்’ என்னும் சிறு சதை முளையிலிருந்தே உண்டாகின்றன. எல்லா முளையும் புற்றாவதில்லை. ஆவதற்கும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் செல்லலாம். அதற்குள் கண்டுகொண்டால், வயிற்றைக் கீறாமலே கொலனாஸ்கோப்பிக் கருவியினால் பெரும்பாலும் அகற்றிவிடலாம். கண்ணுக்குப் புலனாகாத குருதியை எளிய மலப் பரிசோதனையே காட்டித்தரக்கூடும். தமையனாருக்குப் பின் நானும் சோதித்துக்கொண்டேன். இரு முளைகள் அகற்றப்பெற்றன. நலமாக உங்கள்முன் நிற்கிறேன்.

அமெரிக்க நாட்டு வல்லுநர் குழு, 45 வயதிலேயே இச்சோதனையைத் தொடங்குமாறு 2021இல் பரிந்துரைத்தது. நம் நாட்டரசு 2016இல் வகுத்த புற்றுச் சோதனை நெறிமுறையோ வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையே கருதியது. ஆதலின் நம்மை எவரேனும் அழைப்பர் என்று காத்திராமல், நாமே சென்று கேட்டல் வேண்டும். முதலில் குடும்ப மருத்துவரிடம் கூறுங்கள். வேண்டுமாயின், 1981இல் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையம் நம் நகரிலேயே, மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ளது.

பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்திருப்பின், இளவயதிலேயே மருத்துவரைக் கேளுங்கள். பெரியோர்களே, உங்கள் உடற்குறையை மக்களிடம் மறையாதீர்கள். மக்களே, பெற்றோரை அன்போடு வினவுங்கள்.