கரீபியன் கப்பல் பயணம்: பிள்ளைகள் கூப்பிட்டால் போகலாமா?

(மூத்த குடிமக்கள் மாலைச் சந்திப்பில் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)



கப்பலில் போய் வந்த அனுபவத்தைப் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டார். போட்டோவெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் பார்த்துவிட்டீர்கள். அதனால் நாளைக்கு உங்களுக்கு உதவக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

நம் வளாகத்தில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற வீடுகள் நிறைய. நாம் நாலைந்து மாதம் அங்கே போய்த் தங்குகிறோம். ஒரு நாள் மகனோ மகளோ, "குரூஸ் போலாம்மா, டிக்கெட் போடட்டுமா?" என்று கேட்கிறார்கள். நம்மில் சிலர், "எங்களுக்கு எதுக்குப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று ஒதுங்கிவிடுகிறோம். வேறு சிலர், "நீ பாத்து எது செஞ்சாலும் சரி" என்று பெட்டியோடு பெட்டியாகக் கூடப் போகிறோம். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. கட்டாயம் போங்கள். ஆனால் உங்கள் பாஸ்போர்ட், உங்கள் இன்ஷூரன்ஸ், உங்கள் நேரம், உங்கள் பணம் ஆகிய நான்கையும் நீங்களே தெரிந்துகொண்டு போங்கள்.

நாங்கள் ஆறு பேர். நானும் மனைவியும், மகள், மாப்பிள்ளை, இரண்டு பேரப்பிள்ளைகள். மார்ச் மாதக் கடைசியில், அங்கே பள்ளி விடுமுறை சமயத்தில், மயாமி துறைமுகத்தில் ஏறினோம். மொத்தம் 6 இரவுகள். ஜமைக்காவில் ஃபால்மவுத், அடுத்த நாள் கிராண்ட் கேமன் தீவு, அதற்கடுத்த நாள் மெக்சிகோவின் கோசுமெல் தீவு. போகும்போது ஒரு நாளும் திரும்பும்போது ஒரு நாளும் கடலில்.

முதலில் பாஸ்போர்ட். மயாமியில் ஏறி மயாமியிலேயே இறங்குகிறோம், இதில் வெளிநாடு எங்கே வந்தது என்று தோன்றும். அங்குள்ள பெரிய குரூஸ் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுபவை. 1886-ஆம் வருடத்து அமெரிக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்காவில் ஆட்களை ஏற்றி, வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அங்கேயே கொண்டுவந்து இறக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆகவே இந்தப் பயணத்தில் நீங்கள் நிச்சயம் அமெரிக்காவை விட்டு வெளியேறித் திரும்ப நுழைகிறீர்கள். அமெரிக்கக் குடிமகனான பேரனுக்கு அது ஒரு விஷயமில்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற தாத்தாவுக்கு விஷயம்.

விசா ஒட்டியிருக்கும் பக்கத்தில் 'என்ட்ரீஸ்' என்ற இடத்தில் 'எம்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பலமுறை நுழையலாம் என்று அர்த்தம். பாஸ்போர்ட் முடியும் தேதியையும் பாருங்கள். கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டிலும் இந்தியர்களுக்கு என்ன விதி என்று கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று. கப்பலில் போய்த் திரும்பினால் அமெரிக்காவில் தங்க மறுபடியும் ஆறு மாதம் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் திரும்பும் விமான டிக்கெட்டைத் தள்ளிப் போடாதீர்கள். உங்கள் ஐ-94 பதிவில் முதலில் கொடுத்த தேதியை மனத்தில் வைத்தே திட்டம் போடுங்கள்.

இரண்டாவது இன்ஷூரன்ஸ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் எங்கள் இருவரின் பாலிசியையும் எடுத்துவைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்டேன். அமெரிக்காவுக்கு வெளியே, கரீபியன் நாடுகளிலும் கப்பலிலும் இது செல்லுமா? ஏற்கெனவே இருக்கும் பிரஷர், சர்க்கரையால் வரும் திடீர்ப் பிரச்சினைக்கு என்ன கிடைக்கும்? கப்பலிலிருந்தோ தீவிலிருந்தோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு, அதாவது மெடிக்கல் எவாக்குவேஷன், இதில் சேர்ந்ததா? மகள், "எதுக்குப்பா இவ்வளவு, ஆறு நாள்தானே" என்றாள். ஆனாலும் பதில் எழுத்தில் வரும்வரை நான் விடவில்லை.

நாலாம் நாள் ராத்திரி என் மனைவிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தது. பிரஷர் மாத்திரை உள்ளே தங்கவில்லை. விடிகாலை நாலு மணிக்குக் கப்பலின் மருத்துவ மையத்துக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் பார்த்து டிரிப் ஏற்றினார். அதற்கப்புறம், வேறு யாருக்கும் பரவாமல் இருக்க, அடுத்த நாள் முழுக்க கேபினை விட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பெரிய கப்பலில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமையலறைச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். நோரோவைரஸ் பரவினால் தாங்காது. அதற்குக் கைகழுவும் ஜெல் போதாது, சோப்பும் தண்ணீரும்தான் சரி. இதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் சொல்லுங்கள், பஃபே வரிசையில் நிற்கும் உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள்.

பில் சுமார் 600 டாலர். கேபின் கணக்கில் ஏறியது. கப்பல் மருத்துவ மையம் உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நேரடியாகப் பணம் வாங்காது. நீங்கள் கட்டிவிட்டு, பிறகு ரசீது காட்டித்தான் வாங்க வேண்டும். டாக்டரின் குறிப்பு, விவரமான பில், கார்டில் கட்டிய ஸ்லிப் மூன்றையும் அங்கேயே கேட்டு வாங்கினேன். ஊருக்கு வந்து ஆறு வாரத்தில், கழிவு போக மீதி வந்துவிட்டது.

பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று அன்று நடந்தது. கோசுமெல் தீவில் மகள் இறங்க மாட்டேன் என்றாள். "அம்மாவ இப்படி விட்டுட்டு எப்படிப்பா போறது?" என்று கண் கலங்கினாள். குழந்தைகள் இருவரும் நீச்சல் உடையோடு வாசலில் நிற்கிறார்கள். என் மனைவி படுத்தபடியே, "எல்லாம் கேட்டு எழுதி வாங்கி வெச்சிருக்கார்டி உங்கப்பா. நீ போ, புள்ளைங்களுக்கு மீனைக் காட்டு" என்றாள். அவர்கள் போனார்கள். நாங்கள் இருவரும் உப்பு பிஸ்கெட்டும் எலக்ட்ரால் தண்ணியுமாகப் பால்கனிக் கதவைத் திறந்துவைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எலக்ட்ரால் பாக்கெட் நாங்கள் ஊரிலிருந்து கொண்டுபோனது. அந்த எழுத்தில் வந்த பதில் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அடுத்து ஹெலிகாப்டர் என்பார்களோ, எத்தனை ஆயிரம் டாலர் ஆகுமோ, மாப்பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது என்று நாள் முழுக்கப் பயந்திருப்போம். மகளும் போயிருக்க மாட்டாள். காகிதத்தைச் சரிபார்ப்பது கஞ்சத்தனமோ சந்தேகமோ இல்லை. பிள்ளைகள் நிம்மதியாக இருப்பதற்கு நாம் செய்யக்கூடிய காரியம் அது.

மூன்றாவது நேரம். எங்கள் கப்பல் கடைசிவரை மயாமி நேரத்தில்தான் ஓடியது. அமெரிக்காவில் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கிறார்கள். ஜமைக்காவிலும் கேமனிலும் கோசுமெலிலும் அந்த வழக்கம் இல்லை. கரையில் இறங்கியதும் கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், ஒரு மணி பின்னால் காட்டும். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் நாலரை என்றால், கைபேசியில் நாலரை அடிக்கும்போது கப்பலில் ஐந்தரை. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே கையில் பழைய வாட்ச் ஒன்றைக் கட்டிக்கொண்டு, கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள். கடலில் இருக்கும்போது கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கப்பலின் செல்போன் சிக்னலில் ஒட்டிக்கொண்டால் பில் எகிறும்.

ஏறிய அன்றே ஆபத்துக் கால ஒத்திகை உண்டு. 2012-இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் விபத்துக்குள்ளான பிறகு, கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ இதை நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியை இறுக்கினார்கள். உங்கள் கூடுமிடம் எது, எந்தப் படிக்கட்டு என்று நடந்தே பார்த்துவிடுங்கள். ஆபத்தில் லிஃப்ட் கிடையாது.

முழங்கால் வலி உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். கிராண்ட் கேமனில் கப்பலைக் கரையோடு கட்ட மேடை இல்லை. கப்பல் கடலிலேயே நிற்கும், சின்னப் படகில் மாறிக் கரைக்குப் போக வேண்டும். அதை டெண்டர் என்கிறார்கள். அலையில் படகு ஏறி இறங்கும்போது கால் எடுத்து வைக்க வேண்டும். ஊழியர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறார்கள். முடியாது என்று தோன்றினால் கப்பலிலேயே இருந்துவிடலாம். டிக்கெட் போடும் முன்பே எந்தத் துறைமுகத்தில் டெண்டர் என்று கேட்டுவிடுங்கள்.

நான்காவது பணம். டிக்கெட் விலை என்று சொல்வது பாதிக் கதைதான். தினசரி டிப்ஸ், கரையில் சுற்றிப் பார்க்கும் செலவு, இன்டர்நெட், குடிபானம் எல்லாம் தனி. டிப்ஸ் பொதுவாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை, குழந்தைகளுக்கும் சேர்த்து. 18 என்று வைத்தால் 6 பேருக்கு 6 இரவுக்கு 648 டாலர். இதை மகள் ஒருத்தி தலையில் கட்டாமல், "டிப்ஸும் ஜமைக்கா டாக்ஸியும் எங்களுடையது" என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். அப்படிச் செய்தால் சாப்பாட்டு மேஜையில் நமக்கும் கூச்சம் இல்லை.

கப்பலில் ரொக்கம் செல்லாது. அறைச்சாவி அட்டையைக் காட்டினால் கணக்கில் ஏறும். அந்தக் கணக்குக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். முன்கூட்டியே ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது விடுபடச் சில நாள் ஆகும். கார்டில் தேய்க்கும்போது ரூபாயிலா டாலரிலா என்று கேட்டால் டாலர் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் போடும் மாற்று விகிதம் நமக்கு நஷ்டம். கடைசிக்கு முந்தின இரவே கணக்கு விவரத்தை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். எங்கள் கணக்கில் ஒரே பழச்சாறு இரண்டு முறை ஏறியிருந்தது. சொன்னவுடன் எடுத்துவிட்டார்கள். இந்தியாவிலிருந்தே ஏஜென்ட் மூலம் பணம் கட்டுபவர்கள், பிடித்த டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் காட்டிக்கொள்ள மறக்க வேண்டாம்.

பணம் என்றதும் கேமன் நினைவுக்கு வருகிறது. அங்கே வருமான வரி கிடையாது. கேமன் டாலர் அமெரிக்க டாலரைவிடப் பெரியது. 1 கேமன் டாலருக்கு 1.20 அமெரிக்க டாலர் என்று நிலையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். கணக்குப்படி நம் 1 டாலருக்கு 83 சென்ட் வர வேண்டும், கடையில் 80 சென்ட் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். பேரனுக்கு இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அன்று முழுக்க ஒவ்வொரு கடை விலைச்சீட்டையும் அவன்தான் டாலராக்கிச் சொன்னான்.

ஜமைக்காவில் வேறொரு பாடம். 1845 மே 10-ஆம் தேதி 'ப்ளண்டல் ஹன்டர்' என்ற கப்பல் இந்தியக் கூலித் தொழிலாளர்களை முதன்முதலாக அங்கே இறக்கியது. அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் வட இந்தியர், சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களும் உண்டு. ஃபால்மவுத்தே அந்தச் சர்க்கரை வணிகத்தில் வளர்ந்த ஊர். கரையில் ஒரு சின்னக் கடையில் 'கலலூ' என்று ஒரு கீரை கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் என் மனைவி, "இது நம்ம தண்டுக்கீரை மாதிரியே இருக்கே" என்றாள். உண்மையிலேயே அதே குடும்பத்துக் கீரைதான். அதில் கருவாடு போல உப்பு மீன் சேர்ப்பதுண்டு, சைவர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள். கப்பலில் சைவத்துக்குக் குறையில்லை. முதல் நாள் இரவே பரிமாறுபவரிடம் சொன்னால், மறுநாள் சாதம், பருப்பு, தயிர் மேஜைக்கு வந்துவிடும்.

கடைசியாகப் பேரப்பிள்ளைகள் விஷயம். ராத்திரி நிகழ்ச்சிக்கு இளையவர்கள் போக, குழந்தைகளோடு கேபினில் நாம் என்று ஆகிவிடக் கூடும். எங்களுக்கு அதில் சந்தோஷம்தான், ஆனால் எத்தனை இரவு என்று ஏறும் முன்பே பேசிக்கொண்டோம். இரண்டு இரவு நாங்கள், இரண்டு இரவு கப்பலின் குழந்தைகள் கிளப், மற்றபடி எல்லோரும் சேர்ந்து. யாருக்கும் மனத்தாங்கல் வரவில்லை.

தனியாக இருக்கும் நம் சகோதரிகளும் சகோதரர்களும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணம் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் இருக்கும். தனி அறை கேட்டால் கிட்டத்தட்ட இரண்டு பேர் கட்டணம் ஆகும். பேரப்பிள்ளையோடு அறையைப் பகிர்ந்தால் அந்தச் சுமை இல்லை. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது விலை மலிவாகக் கிடைத்தால் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

யாராவது அமெரிக்கா கிளம்புவதாக இருந்தால், பாஸ்போர்ட்டையும் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு இதே கிளப் ஹவுஸுக்கு வாருங்கள். உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்துவிடலாம். பிள்ளைகள் கூப்பிடும்போது, "நாங்க ரெடி, நீ டிக்கெட் போடு" என்று நீங்கள் சொல்ல வேண்டும்.